ஒல்லாந்தர் காலத்து முருங்கைக்காய்

எங்கட தியாகராசா அத்தான் பிழை பிடிக்கப் பிறந்தவர். வேற தொழில் ஒண்டும் அவருக்குத் தெரியாது. தெரியுமெண்டு அவர் சொன்னா நீங்கள் நம்பவும் வேண்டாம். சோத்துக் கோப்பையைக் கையில எடுக்க முந்தியே கல்லைக் கண்டிடுவார். பேப்பரில மரண அறிவித்தல் வந்தா, செத்தது ஆரெண்டு பாக்கமாட்டார், எழுத்துப்பிழை எங்க எண்டுதான் பாப்பார். என்ர அக்கா றஞ்சிதத்தைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, "பிள்ளை வடிவு, ஆனா உங்கட மணிக்கூடு பிந்தி ஓடுது" எண்டு சொல்லிப்போட்டுப் போன மனுசன். அப்பவே எங்கட அப்பா யோசிச்சிருக்க வேணும். கப்பல் கொம்பனி உத்தியோகம் எண்டவுடனே வாயைப் பிளந்துகொண்டு குடுத்திட்டார்.

அந்தக் கப்பல் கொம்பனியிலயும் இவருக்கு இதுதான் வேலை. துறைமுகத்தில இறங்கிற பெட்டியளில அடிச்சிருக்கிற முத்திரையும் கடுதாசியில எழுதியிருக்கிறதும் ஒண்டோ எண்டு பாக்கிறது, இல்லையெண்டா மேலிடத்துக்கு அறிவிக்கிறது. பிழை கண்டுபிடிச்சதுக்குச் சம்பளமும் குடுத்தா மனுசன் உருப்படுமே? அப்ப அவை கொழும்பில கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்தவை. எண்பத்திமூண்டு கலவரத்தில அடுத்த வீட்டுப் பலீல் நானாவின்ர உம்மா பீபி தன்ர குசினிக்குள்ள ஒளிச்சு வைச்சுத்தான் அத்தானும் அக்காவும் உயிர் தப்பினவை. வெளியில தமிழாக்களின்ர வீடுகள் எரியேக்க, அந்தக் குசினிக்குள்ள இருந்துகொண்டு, புட்டுக்கு உப்புக் காணாது எண்டு சொன்னவராம். பலீல் நானா இண்டைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வாறேல்லை. அக்காவை நினைச்சாப் பாவமாக் கிடக்கும்.

கலவரத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, மாடிக் கட்டடம் ஒண்டில பிளட் வாங்கினவை. என்ர மனுசன் காலமான பிறகு நானும் அதே மாடியில எதிர்க் கதவுக்கு வந்திட்டன். கடற்கரைத் தண்டவாளத்தில ரெயின் போகேக்கை ரெண்டு வீட்டுக் கண்ணாடியும் ஒண்டாத்தான் அதிரும். சாப்பாடு அக்கா வீட்டில, படுக்கை என்ர வீட்டில. ஆனபடியா அத்தானின்ர கூத்தெல்லாம் நான் கண்ணால கண்டது, ஆரும் வந்து சொன்னதில்லை.

பென்சன் எடுத்தாப்பிறகு அவருக்குப் பிழை பிடிக்க ஆள் இல்லாமப் போச்சு. அக்கா மட்டும்தான் மிச்சம். அந்த நேரம் பாத்து லண்டனில இருக்கிற மகள் அருந்ததி ஒரு கொம்பியூட்டருக்கு ஒழுங்கு செய்து குடுத்தாள். நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தவள். அவளின்ர மனுசனுக்குப் பழைய சாமான் சேர்க்கிற விசர். இன்ரநெட்டில ஏலம் போடுவினமாம். சாமானின்ர படத்தைப் போட்டு, கதையை எழுதி விட்டா, உலகமெல்லாம் இருக்கிற ஆக்கள் விலை கேப்பினமாம். மருமகன் அதில ஒரு கைத்துவக்கு, பழைய பிஸ்டல், எடுத்து, மாமா பாருங்கோ, ஒல்லாந்த, அதுதான் டச்சுக் கொம்பனியின்ர, ஆயிரத்து எண்ணூற்றி இருபத்தொண்டாம் ஆண்டெண்டு அதிலயே வெட்டியிருக்கு எண்டு படம் அனுப்பினார்.

அத்தான் படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தார். பிறகு லண்டனுக்கே கேக்கிற மாதிரிச் சத்தம் போட்டார். ஒல்லாந்தன் கொழும்பை விட்டு ஓடினது ஆயிரத்து எழுநூற்றித் தொண்ணூற்றாறில, அடுத்த நாலைஞ்சு வருசத்துக்குள்ள அந்தக் கொம்பனியே கலைஞ்சு போச்சு, பிறகு எண்ணூற்றி இருபத்தொண்டில ஆர் எழும்பி வந்து துவக்குச் செய்தது, செத்தவன் வந்து பிள்ளை பெத்தவனோ எண்டு கேட்டார். பள்ளிக்கூடத்தில பாடமாக்கின சரித்திரம் முதல்முதலா ஒருத்தருக்கு உதவினது அண்டைக்குத்தான். மருமகன் ஏலக்காரனோட சண்டை பிடிச்சுக் காசைத் திருப்பி எடுத்திட்டார். அதோட அத்தானுக்குத் தலைகால் தெரியாமப் போச்சு.

அதுக்குப் பிறகு விடிஞ்சாப் பொழுதுபட்டா கொம்பியூட்டர்தான். வாழ்க்கையில ஒரு துவக்கைத் தொட்டுப் பாக்காத மனுசன், தீபாவளிக்கு வெடி கொளுத்தினாக் காதைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள்ள போற மனுசன், உலகத்துத் துவக்கெல்லாத்துக்கும் நாட்டாண்மை. எனக்கும் அக்காவுக்கும் கேக்க விருப்பமோ எண்டு கேக்காமலே பாடம் நடத்துவார். கதை நீளமாயும் படம் குறைவாயும் இருந்தா முதலே சந்தேகப்பட வேணுமாம். செத்துப்போன கேணலின்ர பரணில கிடந்து எடுத்தது எண்டு எழுதியிருந்தா, கேணலும் பொய், பரணும் பொய். ஒரு பக்கம் மட்டும் படம் எடுத்திருந்தா வில்லங்கம் மற்றப் பக்கத்தில. துரு எல்லா இடமும் ஒரே நிறமா இருந்தா அது காலம் போட்ட துரு இல்லை, அசிட் ஊத்தின துரு. கை பிடிக்கிற இடம் தேயாமல், கை படாத மூலை தேஞ்சிருந்தா, ஆரோ அரம் போட்டு ராவினது. வெடிமருந்துக்கு நெருப்புப் போற ஓட்டை உண்மையிலயே ஓட்டையோ, இல்லாட்டிச் சும்மா ஒரு பள்ளமோ எண்டு பாக்க வேணும். எல்லாத்துக்கும் மேல இஸ்குறூ, திருகாணி. அந்தக் காலத்து இஸ்குறூவின்ர தலையில ஒரு வெட்டுத்தான், அதுவும் கையால வெட்டினபடியா நேரா இராது. சிலுவை மாதிரி வெட்டின இந்தக் காலத்து ஸ்டார் இஸ்குறூவைக் கண்டா எழும்பிப் போ எண்டுவார். நாங்கள் எங்க எழும்பிப் போறது, குசினிக்குத்தான்.

பாத்தா மட்டும் போதாதே, எழுத வேணும். விக்கிறவனுக்கு நீ கள்ளன் எண்டு எழுதுவார், வாங்க நிக்கிறவனுக்கு நீ மொக்கன் எண்டு எழுதுவார். இங்கிலிசில மரியாதையாத்தான் எழுதுறது, ஆனா கருத்து அதுதான். கையெழுத்து 'தியோ, சிலோன்' எண்டு. தியாகராசா எண்ட பேர் அந்தத் துவக்குகளுக்குப் பாரமாப் போயிடும் போல. சிலபேர் நன்றி எண்டு பதில் எழுதினவை, கனபேர் கிழி கிழியெண்டு கிழிச்சவை. ரெண்டையும் ஒரே மாதிரிச் சந்தோசமாய் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவார். இவ்வளவு கூர்க்கண் உள்ள மனுசன் சந்தைக்குப் போனா, செவுள் வெளுத்த மீனை வாங்கிக்கொண்டு வருவார். கேட்டா, மீனுக்கு இஸ்குறூ இல்லையே எண்டு பகிடி விடுவார்.

இதெல்லாம் அமைதியான நாடெண்டாப் பரவாயில்லை. சண்டை திரும்பத் தொடங்கி, ரெண்டாயிரத்து ஏழு எண்டு நினைக்கிறன், காலி வீதியில எங்க பாத்தாலும் செக்பொயின்ற். அடையாள அட்டையைப் பாத்து, யாழ்ப்பாணம் எண்டு கண்டா ஆளையே பிரட்டிப் பிரட்டிப் பாக்கிற காலம். லொட்ஜ்களில இருந்த தமிழ்ச் சனத்தை பஸ்ஸில ஏத்தி வடக்குக்கு அனுப்பினதும் அந்த வருசம்தான். வெள்ளை வான் எண்டா வான் எண்டு மட்டும் கருத்தில்லை. அதில தூக்கிக்கொண்டுபோன ஆக்களில கொஞ்சப்பேர் திரும்பி வந்தவை, கொஞ்சப்பேர் வரவேயில்லை. அந்த வெள்ளவத்தையில, ஒரு தமிழ் வீட்டில, திரை முழுக்கத் துவக்குப் படத்தோட ஒரு மனுசன் யன்னலைத் திறந்துவைச்சுக்கொண்டு இருக்கிறார். அக்காவுக்குச் சோறு இறங்கேல்லை. இந்த மனுசனை ஒருநாளைக்குக் கொண்டுபோகப் போறாங்கள் எண்டு என்னட்டை வந்து அழுவா.

அழுது அழுது கடைசியா ஒரு சட்டம் போட்டா. துவக்கு எண்ட சொல் இனி இந்த வீட்டுக்கை வரக்கூடாது. போனில அறவே கூடாது. சரியான சட்டம்தான். ஆனா எங்கட பெரியவர் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார் பாருங்கோ. துவக்கெண்டாத்தானே குற்றம், இனி முருங்கைக்காய் எண்டு சொல்லுவம் எண்டார். நீட்டுத் துவக்கு முருங்கைக்காய், கைத்துவக்கு வெண்டிக்காய். அக்காவும் கடவுளே எண்டு ஓமெண்டிட்டா. பொழுதுபட்டா கொட்டாஞ்சேனைக்கு பலீல் நானாவுக்குப் போன் போகும். நானாவின்ர இரும்புக்கடையில பூட்டு, ஆணி, இஸ்குறூ எல்லாம் இருந்தபடியா அத்தானுக்கு அவர்தான் ஆலோசகர். இண்டைக்கு ஒரு முருங்கைக்காய் பாத்தனான் நானா, இருநூறு வருசப் பழசு எண்டு சொல்லுறான், ஆனா இஸ்குறூ புதுசு எண்டு கத்திக்கொண்டிருப்பார்.

"அத்தான், எந்த ஊரில முருங்கைக்காய்க்கு இஸ்குறூ பூட்டுறவை?" எண்டு ஒருநாள் கேட்டன். ஒட்டுக் கேக்கிறவன் முட்டாளெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது எண்டும் கேட்டன். என்னைப் பொறாமைக்காரி எண்டார். அக்காவுக்கோ நாக்கு அப்பிடியே பழகிப்போச்சு. கொம்பியூட்டரைத் துடைக்கேக்கையும் முருங்கைக்காய், கனவு கண்டாலும் முருங்கைக்காய். மரக்கறிக்காரனிட்டை வாங்கிறதை 'சாப்பிடுற முருங்கைக்காய்' எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டா.

இவ்வளவும் படத்தோட நிண்டிருந்தாலும் தலை தப்பியிருக்கும். இரத்மலானையில ஒருத்தர் அவுஸ்திரேலியாவுக்குப் போறபடியா வீட்டுச் சாமானெல்லாம் இன்ரநெட்டில ஏலம் போட்டவர். கட்டில், மேசை, அலுமாரி, அதோட ஒரு ஒல்லாந்தர் காலத்து நீட்டுத் துவக்கு. ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் படம். கதையோ நீளம்: ஏதோ தோட்டத்துத் துரையின்ர பங்களாவாம், நிலவறையாம். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுற பல்லி கூழ்ப்பானைக்குள்ள விழுந்த மாதிரி, எங்கட ஆள் விலை கேட்டு எடுத்திட்டார்.

எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஒருநாள் மத்தியானம், யன்னல் சீலைக்குக் கம்பி வாங்கப் போறன் எண்டு போனவர், கம்பிக்கட்டோட ஓட்டோவில வந்து இறங்கினார். காலி வீதி முழுக்க செக்பொயின்றைத் தாண்டி, அந்தக் கம்பிக்கு நடுவில துவக்கைச் சுத்திக் கொண்டு வந்திருக்கிறார். அவிழ்த்துக் காட்டினோடனை அக்கா நிலத்தில இருந்திட்டா. எனக்கு வந்த கோபத்தில அந்தத் துவக்காலேயே அவற்ற மண்டையில போடலாம் போல இருந்தது. அடுத்த வீட்டுக்கும் சேர்த்து ஆபத்தைக் கொண்டு வந்திருக்கிறியள், உங்களுக்கு விசரோ எண்டு கேட்டன். இது ஆயுதமில்லை பாலேஸ்வரி, சரித்திரம் எண்டார். சரித்திரமாம். கோதாரியில போற சரித்திரம்.

அண்டைக்குப் பின்னேரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதோடயே இருந்தார். வெளியில வரேக்கை முகம் ஒரு மாதிரி இருந்தது. அடுத்த நாள் கடைக்குப் போய்க் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் ஒரு பேணி வாங்கி வந்தார். பென்சன் எடுத்த நாளிலயிருந்து செருப்போட திரியிற மனுசனுக்குப் பொலிஷ் என்னத்துக்கு எண்டு நான் கேக்க, திரும்ப அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அதுக்கடுத்த நாள் கொம்பியூட்டருக்கு மேல சுவரில அது தொங்கினது. பலீல் நானா வந்து பாத்தார். கிட்டப் போய்ப் பாத்தார், தூர நிண்டு பாத்தார், தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, "பார்வைக்கு நல்லாத்தான் ஈக்கி" எண்டு தங்கட பேச்சில ஒண்டு மட்டும் சொன்னார். இரும்புக்கடைக்காரன் வேற ஒண்டும் சொல்லாமல் எழும்பினதே எனக்குச் சந்தேகமாக் கிடந்தது. ஆனா அத்தான் அதைப் பாத்துப் பாத்துப் பூரிச்சார். காகத்துக்கும் தன்ர குஞ்சு பொன்குஞ்சுதானே.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையல் நேரம், ஒழுங்கையின்ர ரெண்டு பக்கத்தையும் மறிச்சுப்போட்டு வீடு வீடா வந்தவை. ஆமி, பொலிஸ், எல்லாம். பொலிஸ் பதிவுக் கடுதாசியைக் காட்டினம். எத்தினை பேர், எப்ப வந்தனீங்கள், என்னத்துக்குக் கொழும்பில நிக்கிறியள் எண்ட வழக்கமான கேள்வி. ஒரு பொடியன் பொலிஸ் உள்ளறைக்குள்ள போனவன், போன வேகத்தில பின்னால வந்து கத்தினான். எல்லாரும் ஓடி வந்திட்டினம். சுவரில துவக்கு. மேசையில துவக்குப் படங்கள். திரையிலயும் துவக்கு. அத்தான் கதிரையில இருந்தபடியே வாயைத் திறந்து திறந்து மூடுறார்.

பெரிய அதிகாரி ஒருத்தர் சுவரைக் காட்டி அக்காவைக் கேட்டார்: "மே மொகத?" இது என்ன எண்டு.

அக்கா பயத்தில விறைச்சுப்போய் நிண்டா. அந்த வீட்டில சொல்லக்கூடாத சொல் ஒண்டு இருந்தது, சொல்லலாமெண்ட சொல் ஒண்டு இருந்தது. அவவின்ர வாயில எது வரும்? "முருங்கா, மாத்தயா" எண்டா. முருங்கைக்காய், ஐயா எண்டு.

அடுப்பில உண்மையான முருங்கைக்காய்க் கறி கொதிச்சு, வீடெல்லாம் மணந்துகொண்டிருந்தது. பிறகு அந்த அதிகாரி மெதுவாத் திரும்பி, தமிழ் தெரிஞ்ச பொலிஸ்காரனைப் பாத்தார். இவங்கள் ஆயுதத்துக்குக் குறிச்சொல் வைச்சிருக்கிறாங்கள் எண்டு அவை விளங்கிக்கொண்டதில என்ன பிழை? உண்மையும் அதுதானே. சுவரில தொங்கினபடியே அதைப் படம் எடுத்தினம், துவக்கையும் அத்தானையும் கீழ கொண்டுபோய் ஜீப்பில ஏத்திச்சினம். மாடிக்கு மாடி கதவு இடுக்குக்குள்ளால சனம் பாத்தது. ஒரு கதவும் திறக்கேல்லை. நான் அவையைக் குறை சொல்லமாட்டன், நானெண்டாலும் திறந்திருக்கமாட்டன்.

நானும் அக்காவும் பின்னால ஓட்டோ பிடிச்சுப் போனம். பலீல் நானாவும் கொட்டாஞ்சேனையில இருந்து வந்து சேர்ந்திட்டார். நல்லகாலம், உள்ளுக்கு இருந்த இன்ஸ்பெக்டர் படிச்ச மனுசன், எங்களையும் கூப்பிட்டு இருத்தினார். மேசையில துவக்கு நீட்டிக்கிடந்தது. அவர் சொன்னது சிங்களத்திலயும் இங்கிலிசிலயும், ஆனா விசயம் ஒண்டுதான். இது சுடக்கூடிய துவக்கெண்டா, பழசோ புதுசோ, லைசென்ஸ் இல்லாத ஆயுதம். இந்தக் காலத்தில, இந்த வீட்டில, அந்தக் குறிச்சொல்லோட எண்டா, ஆளை மேலிடத்துக்கு அனுப்பத்தான் வேணும், பிறகு தன்ர கையில ஒண்டுமில்லை. சும்மா அலங்காரத்துக்குச் செய்த போலியெண்டாக் கதை வேற. எது எண்டு கேட்டார்.

ஒரு சொல்தான். போலி எண்டு சொன்னா வீட்டை வரலாம். அக்கா அவற்ற முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா. அந்தப் புண்ணியவான் தொண்டையைச் செருமிப்போட்டு, இது ஒல்லாந்தக் கொம்பனியின்ர, ஆயிரத்து எழுநூற்றி எண்பது அளவில, அம்ஸ்ரடாமில செய்தது எண்டு இங்கிலிசில தொடங்கினார். இன்ஸ்பெக்டர் பேனையை எடுத்தார்.

நான் எழும்பிட்டன். எனக்குப் பொலிசும் தெரியேல்லை, இன்ஸ்பெக்டரும் தெரியேல்லை. "அத்தான், ஊரில இருக்கிறவன்ர துவக்கெல்லாம் போலி எண்டு எழுதின வாய்தானே? என்ர அக்காவைத் தாலியோட வீட்டை அனுப்புறதெண்டா, அந்த வாயை இப்பத் திறவுங்கோ" எண்டன்.

தமிழ் தெரிஞ்ச பொலிஸ்காரன் என்னை இருக்கச் சொன்னான். அத்தான் அக்காவைப் பாத்தார். அக்கா சீலைத் தலைப்பை வாய்க்குள்ள வைச்சுக் கடிச்சுக்கொண்டிருந்தா. அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டார். துவக்கைத் தரலாமோ எண்டு கேட்டார். தரமாட்டினம், மேசையில வைச்சபடியே காட்டு எண்டினம்.

அவர் காட்டத் தொடங்கினார். குழலின்ர அடியில நீட்டுக்கு ஒரு பொருத்து இருக்கு, தண்ணிக் குழாயை அரத்தால ராவியிருக்கு. துரு ஒரே நிறம். கொம்பனி முத்திரை அளவுக்கு மிஞ்சிப் பெரிசு, ஆழமும் ஒரே ஆழம். நெருப்புப் போற ஓட்டை ஓட்டையில்லை, பள்ளம். மரத்துக்குச் சாயத்தண்ணி பூசி இருக்கு. ஒவ்வொண்டையும் விரலால தொட்டுத் தொட்டு, ஒரு வித்தியாசமும் இல்லாத குரலில, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். கடைசியாப் பிடியின்ர அடித்தகட்டைத் திருப்பச் சொல்லி, ஒரு இடத்தை நகத்தால சுரண்டினார். கறுப்பா ஏதோ கழண்டு வந்தது. மெழுகும் சப்பாத்துப் பொலிஷும். அதுக்குக் கீழ, பளபளவெண்டு, ஒரு ஸ்டார் இஸ்குறூ.

எனக்கு அப்பத்தான் விளங்கினது. அந்தப் பொலிஷ் பேணி. கொண்டுவந்த அண்டைக்கே மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு.

இன்ஸ்பெக்டர் ஆயுதக் களஞ்சியத்தில இருந்து ஒரு சார்ஜன்டைக் கூப்பிட்டார். சார்ஜன்ட் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து அந்தப் பள்ளத்துக்குள்ள குத்திப் பாத்தார், போகேல்லை. வாயால ஊதிப் பாத்தார், காத்தும் போகேல்லை. இஸ்குறூவைப் பாத்திட்டு அவர் சிரிச்ச சிரிப்பில வெளியில நிண்டவையும் வந்து எட்டிப் பாத்துச் சிரிச்சினம். முருங்காவால சாம்பார் வைக்கலாம் எண்டு ஒருத்தன் சிங்களத்தில சொன்னான். எல்லாரும் சிரிக்க, அத்தான் தலையைக் குனிஞ்சுகொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேணும். வரேல்லை. பொழுதுபட முந்தி ஆளை விட்டிட்டினம். துவக்கைத் தரேல்லை. ஆர் கேட்டது?

வரேக்கை பலீல் நானாதான் ஓட்டோவில வைச்சு மெதுவாக் கேட்டார், எப்ப கண்டனீங்கள் எண்டு. அவிழ்த்த அண்டைக்குப் பின்னேரமே எண்டார் அத்தான். "இவ்வளவு காலமும் மற்றவன்ர சாமானைத்தானே பாத்தனான். ஒண்டாவது என்ர கையில நல்லதா இருக்கட்டும் எண்டு ஆசையாய் இருந்தது" எண்டார். அக்கா அவற்ற கையைப் பிடிச்சா. நான் வெளியில பாத்துக்கொண்டிருந்தன். மற்றவனைக் கள்ளன் எண்டு எழுதின அதே கையால ராவிலயும் பகலிலயும் பொலிஷ் பூசி மறைச்ச ஆளிட்டை எனக்குக் கதைக்க ஒண்டுமில்லை. ஆசையாம். ஆசையால அக்காவின்ர தாலி போகப் பாத்தது.

அதுக்குப் பிறகு கொம்பியூட்டருக்கு அக்கா ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டா. அத்தான் அந்தப் பக்கமே போகேல்லை. சோத்தில கல்லு வந்தாலும் பேசாமல் ஒதுக்கி வைச்சுச் சாப்பிட்டார். ஒழுங்கையில சனம் எங்களைக் கண்டா, சுகமோ எண்டு கேட்டுக்கொண்டே மற்றப் பக்கம் கடந்து போகும். குற்றமில்லை எண்டு விட்டவை எண்டு நான் நாலு பேருக்குச் சொல்லிப் பாத்தன். ஓம் ஓம் எண்டுவினம், ஆனா நிக்கமாட்டினம்.

அடுத்த வருசம், ஒரு நாள் காலமை, அருந்ததி லண்டனில இருந்து போன் எடுத்து, அப்பா உடனே கொம்பியூட்டரைப் போட்டுப் பாருங்கோ எண்டு சொன்னாள். அவளின்ர குரல் சரியில்லை. அக்கா துணியை எடுத்தா. அத்தான் பாத்தார், நாங்கள் ரெண்டு பேரும் பின்னால நிண்டு பாத்தம்.

அதே துவக்கு. எங்கயோ ஒரு வெளிநாட்டில ஏலம் போட்டிருந்தினம். எந்தக் கையால எந்தக் கைக்குப் போச்சோ, ஆர் கண்டது. அதோட ஒரு படம், அண்டைக்கு வந்தவை எடுத்தது, எங்கட சுவரில தொங்கினபடி. பக்கத்தில அக்காவின்ர பிள்ளையார் கலண்டரும் வடிவாத் தெரியுது. எழுதியிருந்த கதையை அத்தான் சத்தமா வாசிச்சார், பழைய பழக்கம். ஒல்லாந்தர் காலத்துத் துவக்காம். கொழும்பில, பயங்கரவாதி ஒருவனின்ர ஒளிவிடத்தில இருந்து கைப்பற்றினதாம். குறிச்சொல் முருங்கைக்காயாம். சனம் அடிச்சுப் பிடிச்சு விலை கேட்டுக்கொண்டிருந்தது.

கீழ ஆக்கள் எழுதின கருத்துகளும் இருந்தது. ரெண்டு பேர், துவக்கு சந்தேகம், இஸ்குறூவைக் கிட்ட எடுத்த படம் போடு, சிலோன் தியோ சொன்ன மாதிரிப் பாக்க வேணும் எண்டு எழுதியிருந்தினம். அந்தப் பயங்கரவாதிக் கதையைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கேல்லை.

அக்காவுக்கு அழுகையும் கோபமும் ஒண்டா வந்தது. வாழ்க்கையில முதல் தரமா அந்த மனுசனை அதட்டினா. "இருந்து பாத்துக்கொண்டிருக்கிறியள். எழுதுங்கோ. அது பொய், நீங்கள் அப்பிடி ஆளில்லை எண்டு எழுதுங்கோ."

அத்தான் விரலைக் கொண்டுபோய் எழுத்துகளுக்கு மேல வைச்சார். பிறகு எடுத்திட்டார்.

"துவக்கெண்டா இஸ்குறூவைக் காட்டலாம், றஞ்சிதம்" எண்டார். "எனக்கு எதைக் காட்டுறது?"

ரெயின் ஒண்டு போச்சுது, கண்ணாடி அதிர்ந்தது. அக்கா திரையில தெரிஞ்ச தன்ர வீட்டுச் சுவரையே பாத்துக்கொண்டு நிண்டா.